தாழ்த்திய காருக்கு எந்த ஷாக்? ஒரு போலோவை முன்வைத்து

அக்கா மகனிடம் இருப்பது 2016-ஆம் ஆண்டு ஃபோக்ஸ்வேகன் போலோ கார். 80,000 கிலோமீட்டர் ஓடிய வண்டி, ஒழுங்காகப் பராமரிக்கிறான். சென்ற மாதம் வீட்டுக்கு வந்தவன், காபி ஆறிப்போவதைக்கூடக் கவனிக்காமல் கைபேசியில் ஒரு படத்தையே காட்டிக்கொண்டிருந்தான். அதே நிறத்தில் ஒரு போலோ. சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே விரல் நுழையாத அளவுக்குத் தரையோடு படிந்து நின்றது.

"மாமா, 40 மில்லிமீட்டர் தாழ்த்தும் ஸ்பிரிங் மட்டும் போட்டால் போதும், ஷாக் இருப்பதே இருக்கட்டும் என்கிறார்கள். சரிதானே?"

சரியில்லை என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அதையே நான் செய்திருக்கிறேன். அப்போது என்னிடம் வேறொரு சிறிய கார் இருந்தது. குட்டை ஸ்பிரிங் வாங்கி, 60,000 கிலோமீட்டர் ஓடிய பழைய ஷாக்குகளின் மேலேயே மாட்டினேன். முதல் வாரம் சொர்க்கம். கோவை அவிநாசி சாலையில் கார் வளைவுகளில் படுக்காமல் திரும்பியது. இரண்டாம் மாதம் ஒவ்வொரு வேகத்தடையிலும் முன்பக்கத்திலிருந்து 'டக்' என்று ஒரு குத்து. நெடுஞ்சாலையில் ஒரு மேட்டைத் தாண்டினால் கார் ஒரு முறை எழுந்து அடங்காமல் மூன்று முறை தலையாட்டியது. எட்டாம் மாதம் இடது முன் ஷாக்கில் எண்ணெய் வழிந்தது. ஷாக்கில் மிச்சம் பிடித்த பணம், கழற்றி மாட்டிய கூலியிலும் புதிய ஷாக்கிலும் போய்ச் சேர்ந்தது. குறை ஸ்பிரிங்கில் இல்லை, என் சிக்கனத்தில் இருந்தது.

ஷாக் அப்சார்பர் என்ற பெயர்தான் இந்தக் குழப்பத்துக்குப் பாதிக் காரணம். அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது ஸ்பிரிங். வாங்கியதைத் திருப்பித் தராமல் அடக்குவது ஷாக். அதற்குள் ஒரு பிஸ்டன் எண்ணெயைச் சின்னஞ்சிறு துளைகளின் வழியே தள்ளுகிறது. காரின் ஆட்டம் வெப்பமாக மாறிக் காற்றில் கரைகிறது. வால்பாறையிலிருந்து நாற்பது கொண்டைஊசி வளைவுகளும் இறங்கி ஆழியாறு வந்ததும் சக்கரத்தின் உட்புறம் கை நீட்டி ஷாக்கைத் தொட்டுப் பாருங்கள், புரியும். இதை 'டேம்பர்' என்று சொல்வதே பொருத்தம். ஆனால் கடையில் போய் டேம்பர் கேட்டால் விழிப்பார்கள், ஷாக் என்றே வைத்துக்கொள்வோம்.

ஸ்ட்ரட் என்பது இன்னும் ஒரு படி மேலே. போலோ, ஸ்விஃப்ட், ஐ20 என்று நம் ஊர் ஹேட்ச்பேக்குகள் பெரும்பாலானவற்றின் முன்பக்கம் மெக்பெர்சன் ஸ்ட்ரட் தான். அங்கே ஷாக் வெறும் ஷாக் அன்று. அதன் உடம்பிலேயே ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கிறது. அதன் அடிப்பகுதி சக்கரத்தைப் பிடித்திருக்கிறது. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் அதுவும் சேர்ந்து திரும்புகிறது. பிரேக் அடிக்கும்போதும் வளைவில் திரும்பும்போதும் பக்கவாட்டு வளைப்பையும் அதுதான் தாங்குகிறது. பின்பக்கம் கதை வேறு. போலோவின் பின் அச்சு, இரு சக்கரங்களையும் இணைத்து முறுக்கிக்கொடுக்கும் ஒரே சட்டம். ஸ்பிரிங் தனியாக, ஷாக் தனியாக நிற்கின்றன. பின் ஷாக்கை மாற்றுவது மேலும் கீழும் போல்ட் கழற்றும் வேலை. முன் ஸ்ட்ரட்டை மாற்றினால் ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவி வேண்டும், முடித்தபின் வீல் அலைன்மென்ட் வேண்டும். ஆகவே பணம் பற்றாக்குறை என்றால் முன்பக்கத்தில் சமரசம் செய்யாதீர்கள். பின்பக்கத்தை எந்தச் சனிக்கிழமையும் திருத்திக்கொள்ளலாம். ஆனால் இடதும் வலதும் எப்போதும் ஜோடியாக.

இனி கொஞ்சம் கணக்கு. பயந்துவிட வேண்டாம், பள்ளிக்கூடக் கணக்குதான்.

கார் சும்மா நிற்கும்போது, முன் ஷாக் பம்ப் ஸ்டாப் என்ற ரப்பர்க் கட்டையைத் தொடுவதற்கு 75 மி.மீ. இடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மெக்பெர்சன் ஸ்ட்ரட்டில் சக்கரம் ஏறும் தூரமும் ஷாக் அமுங்கும் தூரமும் ஏறக்குறைய ஒன்றே. எனவே காரை 30 மி.மீ. தாழ்த்தினால் மிச்சம் 45. தாழ்த்தும் ஸ்பிரிங் கொஞ்சம் விறைப்பானது. 30 சதவீதம் கூடுதல் விறைப்பு என்று கொள்வோம். ஸ்பிரிங் வாங்கக்கூடிய ஆற்றல் விறைப்பைப் பொறுத்து நேராகவும், அமுங்கும் தூரத்தைப் பொறுத்து அதன் வர்க்கமாகவும் மாறும். தூரம் 0.6 பங்காகச் சுருங்கியதால் 0.36, அதை 1.3-ஆல் பெருக்கினால் 0.47. அதாவது பம்ப் ஸ்டாப்பில் முட்டுவதற்கு முன் புதிய ஸ்பிரிங் வாங்கும் அடி, பழையது வாங்கியதில் பாதிகூட இல்லை. மிச்சத்தை யார் வாங்குவது? ஷாக்கும் ரப்பர்க் கட்டையும் தான். என் பழைய காரின் 'டக்' இந்த 0.47-இலிருந்து வந்தது.

இரண்டாவது கணக்கு ஆட்டத்தைப் பற்றியது. ஸ்பிரிங்கின் விறைப்பு 30 சதவீதம் ஏறினால், அதை முன்பு போலவே அடக்க ஷாக்கின் தடை சுமார் 14 சதவீதம் ஏற வேண்டும் (1.3-இன் வர்க்கமூலம் 1.14). புதிய ஷாக் என்றால் 14 சதவீதக் குறையோடு சமாளித்துவிடலாம். ஏற்கெனவே பல்லாயிரம் கிலோமீட்டரில் வலுவிழந்த ஷாக் என்றால் குறையின் மேல் குறை. என் பழைய கார் மூன்று முறை தலையாட்டியது அதனால்தான்.

மூன்றாவது விஷயம் கணக்கில்லை, வடிவம். மெக்பெர்சன் வண்டியைத் தாழ்த்தினால் சக்கரத்தை அடியில் பிடித்திருக்கும் லோயர் ஆர்ம் என்ற கையின் சாய்வு மாறிச் சக்கரப் பக்கம் மேலேறுகிறது. கார் எந்தக் கற்பனைப் புள்ளியைச் சுற்றிப் பக்கவாட்டில் சாய்கிறதோ அந்தப் புள்ளி, காரின் உடம்பு இறங்கியதைவிட வேகமாகக் கீழே இறங்கிவிடும். கனம் தாழ்ந்ததால் சாய்வு குறையும் என்று நாம் நினைக்கிறோம். சாய்க்கும் நெம்புகோலோ நீண்டுவிடுகிறது. விறைப்பான ஸ்பிரிங் அதை மறைக்கிறது, அவ்வளவுதான். இருபத்தைந்து முப்பது மில்லிமீட்டரைத் தாண்டித் தாழ்த்துவதில் எனக்கு நம்பிக்கை இல்லாததற்கு இது முதல் காரணம். புகைப்படத்துக்காகச் செய்கிறேன் என்றால் அது வேறு நியாயம், மறுக்க மாட்டேன்.

எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி வேகத்தடை. அதிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. இந்தியச் சாலைக் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 99-1988 என்ற விதி (2018-இல் திருத்தப்பட்டது) வகுத்திருந்த வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், 17 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் ஒரு துண்டு. போலோவின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே சுமார் 2.47 மீட்டர். நான்கு சக்கரங்களும் அந்த மேட்டின் மேல் இருக்கும்போது காரின் நடுவயிற்றை நோக்கி மேடு எழும் உயரம் வெறும் 45 மி.மீ. தான். போலோவின் தரை இடைவெளி 165 மி.மீ.-ஐ ஒட்டி இருக்கிறது. 30 குறைத்தாலும் 135. விதிப்படி கட்டிய வேகத்தடை தாழ்த்திய காரை ஒன்றும் செய்யாது. செய்வது, பள்ளிக்கூட வாசலிலும் கவுன்சிலர் வீட்டு முன்னாலும் ஒரே இரவில் முளைக்கும், ஓரடி அகலத்தில் சுவர் போல நிற்கும் தார்க்கட்டி. அதைக்கூட மெதுவாக ஏறி இறங்கினால் பெரும்பாலும் தட்டாது. முன் சக்கரம் இறங்கும் நொடியில் மூக்கு எவ்வளவு குனிகிறது என்பதே தட்டுமா தட்டாதா என்பதைத் தீர்மானிக்கிறது. குனிவதைப் பிடித்து நிறுத்துவது ஷாக். தரை இடைவெளி என்று விளம்பரத்தில் போடுவது நிற்கும் காரின் அளவு. ஓடும் காரின் அளவைத் தருவது ஷாக்கின் நிலைமை.

சரி, என்னென்ன வழிகள் இருக்கின்றன?

பழைய ஷாக்கிலேயே ஓட்டுவது பற்றிச் சொல்லியாயிற்று. அதற்கு அடுத்தது, கம்பெனி அளவிலேயே புதிய ஷாக் வாங்குவது. கே.ஒய்.பி.-யின் எக்செல்-ஜி, பில்ஸ்டைனின் பி4 போன்றவை இந்த இனம். உயரத்தைத் தொடாத காருக்கு இவை அருமையானவை. குட்டை ஸ்பிரிங்கோடு சேர்ந்தால் 14 சதவீதக் குறை பிறந்த நாளிலிருந்தே உண்டு, நீளமும் பொருந்தாது. பிஸ்டன் எப்போதும் குழாயின் கீழ்ப்பாதியிலேயே வேலை செய்யும். ஜாக்கியில் காரைத் தூக்கினால் ஷாக் முழுநீளம் விரியும், ஸ்பிரிங் குட்டை என்பதால் தான் உட்காரும் தட்டில் இறுக்கமின்றித் தளர்ந்து நிற்கும். இறக்கும்போது அது இடம் மாறி உட்கார்ந்தால் சத்தம், சில நேரம் அதைவிட மோசம். 15, 20 மி.மீ. தாழ்த்துகிறவர் பம்ப் ஸ்டாப்பை ஸ்பிரிங் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு வெட்டி இதை வைத்து ஓட்டலாம். அதற்கு மேல் வேண்டாம்.

மூன்றாவது வழி, தாழ்த்திய காருக்கென்றே குட்டையாகச் செய்த விறைப்பான ஷாக். இங்கே பில்ஸ்டைனின் எண்கள் பலரைக் குழப்புகின்றன. பி6-உம் பி8-உம் உள்ளே ஒரே மாதிரி ஒற்றைக்குழாய் ஷாக்குகள். பி6 கம்பெனி உயரத்துக்கு, பி8 குட்டை ஸ்பிரிங்குக்கு. கடைக்காரரிடம் பி6 கையிருப்பில் இருக்கிறது என்பதற்காக அதைக் குட்டை ஸ்பிரிங்கில் மாட்டினால், காசையும் கொடுத்து நீளப் பிரச்சினையையும் வாங்கியதாகும். பி8-ஐயும் ஐபக் புரோ-கிட் ஸ்பிரிங்கையும் ஒரே பெட்டியில் தருவது பி12. ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றையொன்று அறிந்து செய்யப்பட்டவை என்பதே அதன் பலம். தனித்தனியே வாங்கி நாமே ஜோடி சேர்ப்பதைவிட இது பெரும்பாலும் நல்லது.

ஒற்றைக்குழாய் என்றால் என்ன என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சாதாரண ஷாக்கில் குழாய்க்குள் குழாய். உள்ளே பிஸ்டன், வெளியே உபரி எண்ணெய், அதன் மேல் குறைந்த அழுத்தத்தில் நைட்ரஜன். குண்டும் குழியுமான சாலையில் விடாமல் ஓட்டினால் எண்ணெயும் வாயுவும் கலந்து நுரைக்கும், தடை குறையும். ஒற்றைக்குழாயில் எண்ணெய்க்கும் நைட்ரஜனுக்கும் நடுவே ஒரு மிதக்கும் பிஸ்டன் தடுப்பாக நிற்கிறது. வாயு அழுத்தம் 20 பாருக்கு மேல். சுவர் ஒன்றே என்பதால் வெப்பமும் சீக்கிரம் வெளியேறும். 1950-களில் பிரெஞ்சுக்காரர் த கார்பன் வடிவமைத்தது, 1957-இல் பில்ஸ்டைன் மூலம் மெர்சிடிஸ் காரில் ஏறியது. பில்ஸ்டைன் தன் முன் ஸ்ட்ரட்டுகள் பலவற்றில் இதைத் தலைகீழாகப் பொருத்துகிறது. மெல்லிய கம்பிக்குப் பதில் பருத்த குழாயே வெளிக்கூட்டுக்குள் சறுக்குவதால் வளைப்பைத் தாங்கும் வலு கூடுகிறது. குறையும் உண்டு. பின்பக்க ஒற்றைக்குழாய் ஷாக்கில் கல் பட்டு ஒடுங்கினால் பிஸ்டன் சிக்கிக்கொள்ளும், அதோடு அது முடிந்தது. இரட்டைக்குழாய் அந்த அடியைத் தழும்போடு தாங்கிவிடும். கிராமத்துச் செம்மண் சாலையில் தினமும் போகிறவர் இதை நினைவில் வைப்பது நல்லது.

நான்காவது, என் மனத்துக்கு நெருக்கமானது: கோனி ஸ்போர்ட். மஞ்சள் நிறம், நெதர்லாந்து. இதில் நீங்கள் கூட்டிக் குறைக்கக்கூடியது ஷாக் விரியும்போது உள்ள தடையை மட்டுமே. அமுங்கும்போது உள்ள தடை தொழிற்சாலை வைத்தபடியே இருக்கும். இது குறை போலத் தோன்றும். நம் சாலைக்கு இதுதான் நிறை. குழியில் சக்கரம் மோதும் கணத்தில் ஷாக் அமுங்குகிறது. அங்கே தடையைக் கூட்டினால் மோதல் நேராக முதுகெலும்புக்கு வரும். அமுங்கிய ஸ்பிரிங் திரும்ப உதைக்கும்போதுதான் அடக்க வேண்டும், அந்த இடத்தில்தான் கோனி நம் கையில் திருகைக் கொடுக்கிறது. ஸ்பிரிங் மாறினால் அதற்கேற்ப ஒரு அரைச் சுற்று, நாலைந்து வருடத்தில் தேய்ந்தால் இன்னொரு அரைச் சுற்று. மூக்கு மேலெழுந்து தலையாட்டுவதை நிறுத்தும் அளவுக்கு மட்டும் திருகினால் போதும். அதற்கு மேல் திருகினால் அடுத்தடுத்த குழிகளில் ஷாக் விரிந்து முடிக்குமுன் மீண்டும் அமுங்கி, கார் படிப்படியாகப் பம்ப் ஸ்டாப்பின் மேல் இறங்கி உட்கார்ந்துவிடும். பின்பக்கம் சில மாடல்களில் திருகு வெளியே இராது. ஷாக்கைக் கழற்றி முழுக்க அமுக்கித் திருப்ப வேண்டும். சோம்பேறிகளுக்கு உகந்ததன்று. வாங்குமுன் உங்கள் காருக்கான பட்டியல் எண்ணைப் பார்த்து எது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

பி8-ஆ கோனியா என்று கேட்டால், ஓட்டுபவர் ஒருவரே, பெரும்பாலும் சேலம் சாலையில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் என்றால் பி8. அதன் அடக்கம் வேறு இனம். கார் தண்டவாளத்தில் போவது போல் போகும். பின்னிருக்கையில் அம்மா அப்பா உட்காரும் கார் என்றால் கோனி. என் அக்காவுக்கு முட்டி வலி. பி8 போட்டால் மகனை வீட்டுக்குள் விட மாட்டாள்.

ஐந்தாவது காயிலோவர். உயரத்தைத் திருகி மாற்றும் இந்த வகைக்குத்தான் இளைஞர்கள் மத்தியில் மவுசு. இதில் இரண்டு சாதி உண்டு, பலரும் பிரித்துப் பார்ப்பதில்லை. ஒன்றில் ஸ்பிரிங் உட்காரும் தட்டு மட்டும் மரையில் ஏறி இறங்கும். தாழ்த்தத் தாழ்த்த அமுங்கும் இடம் கரையும். பில்ஸ்டைன் பி14, கே.டபிள்யூ. வேரியன்ட் 1 இந்த வழி. ஆனால் அவற்றின் ஷாக்கே குட்டையாகச் செய்யப்பட்டிருப்பதால், அவர்கள் அனுமதித்த எல்லைக்குள் கணக்குச் சரியாக இருக்கும். இன்னொன்றில் ஷாக்கின் அடிப்பகுதியே மரையில் ஏறி இறங்கும். அமுங்கும் இடத்தைத் தொடாமல் உயரத்தை மாற்றலாம். தைவானின் பி.சி. ரேசிங் பி.ஆர். வரிசை இதற்குத் தெரிந்த எடுத்துக்காட்டு. முப்பது படியில் தடையை மாற்றலாம், ஆனால் ஒரே திருகு அமுக்கத்தையும் விரிவையும் சேர்த்தே கூட்டிக் குறைக்கிறது. கோனியைப் பற்றி மேலே சொன்னதை இங்கே நினைத்துப் பாருங்கள். இரண்டையும் தனித்தனியே திருக வேண்டுமென்றால் கே.டபிள்யூ. வேரியன்ட் 3 போன்ற உயர்ந்த வகைக்குப் போக வேண்டும், அதன் விலையில் நல்ல பழைய ஸ்கூட்டர் ஒன்று கிடைக்கும்.

செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடத்தில் மாதம் ஒரு முறை ஓட்டுகிறவருக்குக் காயிலோவர் வீண் செலவில்லை. நான்கு மூலையிலும் எடையைச் சமன்படுத்தலாம், அன்று காலை இறக்கி மாலை ஏற்றலாம். மற்றவர்கள் பெரும்பாலும் வாங்கிய வாரத்தில் ஒரு முறை உயரம் வைக்கிறார்கள். அதன்பின் இரண்டு மழைக்காலச் சேறு மரையில் இறுகி, அலுமினிய வளையம் இரும்பில் பிடித்துக்கொண்டு, நான்கு லட்சம் பேரைக் கூப்பிட்டாலும் அசையாது. ஸ்ட்ரட்டின் தலையைக் காரோடு பிணைக்கும் டாப் மவுண்ட் உருண்டை மூட்டு வைத்து வந்தால் ரப்பர் இல்லாததால் நம் ஊர்த் தூசியில் கடகடவென்று பேசத் தொடங்கும். பெயர் தெரியாத மலிவுக் காயிலோவர், பி12 பெட்டியைவிடக் குறைந்த விலையில் கிடைக்கிறது என்பதே அதை வாங்காமலிருக்கப் போதுமான காரணம். எண்ணெய் கசியாமல் அடைக்கும் சீல் உதிரியாகக் கிடைக்குமா, பிரித்துப் பழுதுபார்க்க இந்தியாவில் ஆள் உண்டா என்று கேளுங்கள். பதில் தடுமாறினால் நடையைக் கட்டுங்கள்.

தாழ்த்தாமலே இருப்பதும் ஒரு வழி என்பதை யாரும் சொல்வதில்லை, விற்க ஒன்றும் இல்லையே. கம்பெனி ஸ்பிரிங்கோடு பி6 அல்லது கோனி மட்டும் போட்ட போலோவை ஓட்டிப் பாருங்கள். தாழ்த்தினால் கிடைக்கும் என்று நாம் நம்பும் நிதானத்தில் பெரும்பகுதி அதிலேயே கிடைத்துவிடும். சட்டத்தின் பக்கமும் நிம்மதி. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அளவுகளிலிருந்து ஆர்.சி. விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதைக் கண்டிப்பாகவே வாசித்தது. காரைத் தாழ்த்துகிறவர் இதைத் தெரிந்தே இறங்க வேண்டும், காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். விபத்துக்குப் பிறகு தெரிவிப்பது தெரிவிப்பதாகாது.

போலோவில் உள்ள ஒரு கண்ணியைச் சொல்லாமல் விட முடியாது. இந்தியாவில் விற்ற போலோ, ஐரோப்பாவில் விற்றதைவிட உயரமாக நின்றது. நம் சாலைக்காக அப்படிச் செய்தார்கள். ஐரோப்பியப் பெட்டியில் '30 மி.மீ.' என்று அச்சிட்டிருப்பது ஐரோப்பியக் காரின் உயரத்திலிருந்து 30. நம் காரில் மாட்டினால் அதற்கு மேலும் இறங்கும். எனவே பெட்டியை நம்பாதீர்கள், டேப்பை நம்புங்கள். சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்புவரை நான்கு மூலையிலும் அளந்து எழுதிவையுங்கள். அதே ஸ்பிரிங் மாட்டிய இந்தியப் போலோ ஒன்றைத் தேடிப்பிடித்து அதையும் அளந்து கழியுங்கள். அதுதான் உங்கள் உண்மையான எண்.

இவ்வளவையும் கேட்டவன் முகத்தில் சந்தேகம் தீரவில்லை. "சரி மாமா, என் காருக்கு எவ்வளவு இறக்கலாம் என்று ஒரே எண்ணாகச் சொல்லுங்கள்" என்றான். நான் எண் சொல்லவில்லை. ஒயர் கட்டும் பிளாஸ்டிக் டை இரண்டைக் கொடுத்தேன். முன் ஸ்ட்ரட்டின் தூசி உறையைத் தூக்கி, பளபளக்கும் கம்பியில், குழாய் வாயிலுள்ள சீலுக்கு ஒட்டினாற்போல் டையை இறுக்கமாகக் கட்டிவிட்டால், ஷாக் அமுங்கும்போது குழாய் அதை மேலே தள்ளிவிட்டு இறங்கிவிடும். டை நின்ற இடம், அன்று ஷாக் அமுங்கிய எல்லை.

ஒரு வாரம் தனியாக வேலைக்குப் போய் வந்தான். நிற்கும் நிலையில் பம்ப் ஸ்டாப்புக்கு 70 மி.மீ. இடம் இருந்தது, டை 44 மேலேறி நின்றது. ஞாயிற்றுக்கிழமை அம்மா, அப்பா, தங்கையோடு பொள்ளாச்சிக்குப் போய்த் திரும்பியபோது டை பம்ப் ஸ்டாப்பில் அமுங்கி நசுங்கியிருந்தது. கம்பெனி உயரத்திலேயே! 40 மி.மீ. தாழ்த்தினால் தனியாகப் போகும் நாளிலேயே மிச்சம் 30. நான் வாயைத் திறக்கவில்லை. அந்த நசுங்கிய டையை அவன் சாவிக்கொத்தில் போட்டிருக்கிறான்.

முடிவில் அவன் எடுத்த வழி எனக்கே தோன்றாதது. கோனி கம்பெனி ஸ்பிரிங்கோடும் பொருந்தும், குட்டை ஸ்பிரிங்கோடும் பொருந்தும். எனவே இப்போதைக்கு ஷாக் மட்டும், ஸ்பிரிங் அடுத்த வருடம். ஸ்ட்ரட்டை இரண்டு முறை பிரிக்கும் கூலியும் இரண்டு அலைன்மென்ட்டும் தண்டம்தான். ஆனால் எந்த மாற்றம் எதைச் செய்தது என்று தெரிந்துகொள்ள அதைவிட மலிவான வழி இல்லை.

மாட்டும் நாளில் நானும் கூட இருந்தேன். டாப் மவுண்ட், அதன் பேரிங், பம்ப் ஸ்டாப், தூசி உறை எல்லாம் புதிது. பழையதைத் திரும்பப் போட்டு மிச்சம் பிடிக்கும் இடம் இதுவல்ல. ஷாக் கம்பியைக் குறட்டால் பிடிக்க வேண்டாம் என்று மெக்கானிக்கிடம் முதலிலேயே சொன்னேன். ஒரு கீறல் போதும், சீல் போய்விடும். அவர் சிரித்துக்கொண்டே அதற்கான சாவியை எடுத்துக் காட்டினார். பின் ஷாக்கின் கீழ் போல்ட்டைக் கார் லிஃப்டில் தொங்கும்போதே முறுக்கப் போனவரை மட்டும் ஒரு நிமிடம் நிறுத்த வேண்டியிருந்தது. சக்கரம் தொங்கும் நிலையில் போல்ட்டைச் சுற்றியுள்ள ரப்பர் புஷ்ஷை இறுக்கினால், கார் தரையில் நிற்கும்போது அந்த ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். எடை சக்கரத்தில் ஏறிய பிறகே கடைசி முறுக்கு.

முன்பக்கம் மிக மென்மையிலிருந்து அரைச் சுற்று, பின்பக்கம் தொடவில்லை. அக்கா பின்னிருக்கையில் உட்கார்ந்து காந்திபுரம்வரை போய் வந்தாள். "என்ன மாற்றினீர்கள்?" என்று கேட்டாள். குட்டை ஸ்பிரிங்குக்கு ஒதுக்கிய பணம் இன்னும் அவன் கணக்கில் இருக்கிறது. மழைக்காலம் முடியட்டும் என்கிறான்.